இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

என் மகன் போன தையில் ஒரு கார் வாங்கினான். இடது காலுக்கு வேலையே இல்லாத கார். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும், உட்கார்ந்து மிதித்தால் போகும். அதை என்னமோ தானே கண்டுபிடித்த மாதிரி வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு எனக்கு விளக்கம் சொன்னான். வயதானவள்தானே, பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள் என்ற நினைப்பு. நானும் கேட்டுக்கொண்டேன். அரைப் பாவாடை கட்டிய வயதிலேயே இதே மாதிரி வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து திருத்தணி மலை ஏறி இறங்கியவள் நான் என்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நம் வயதுக்காரர்களுக்குத்தான் இது புரியும். முட்டி வலி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும், மச்சான் தயவில் பிழைப்பது என்றால் என்னவென்றும் தெரியும்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் திருத்தணிப் பக்கம் பாதி வீடுகளில் அப்படித்தான். வாயில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. நைனா நெசவுக்கார வீட்டில் பிறந்தும் தறியில் உட்காராமல் லாரிக்குப் போனவர். பக்கத்துப் பொதட்டூர்பேட்டையில் லுங்கி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்குப் போய் வருவார். ஒருநாள் வழியில் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவியது. இடது முட்டி போயிற்று. காலை எடுக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அது மடங்கவே இல்லை. இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் ஒரே நீட்டாக நிற்கும்.

கிளட்ச் மிதிக்க முடியாத டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? நைனா வீட்டோடு உட்கார்ந்து அம்மாவுக்குத் தார் சுற்றிக் கொடுத்தார். தறி நாடாவுக்குள் போடும் சின்னக் குழலில் ராட்டினம் வைத்து நூல் சுற்றுகிற வேலை அது. எங்கள் தெருவில் பெண்களும் பிள்ளைகளும்தான் அதைச் செய்வார்கள். நைனா தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சுற்றுவார். யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால் ராட்டினத்தை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது போல இருப்பார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரில் கொஞ்சம் பெரிய ஆள். கல்யாணங்களுக்குப் பந்தல் போடுவார், பாத்திரம் வாடகைக்கு விடுவார். திருத்தணிக் கல்யாணம் என்றால் மலைமேல் முருகன் சந்நிதியில் தாலி, கீழே மண்டபத்தில் சாப்பாடு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் மலைக்கு ஏற்றி இறக்க நம்மிடமே ஒரு பெரிய கார் இருக்க வேண்டும் என்று மாமாவுக்கு ரொம்ப நாள் ஆசை. மெட்ராஸில் ஒரு பெரிய வீட்டில் சும்மா கிடந்த அமெரிக்கக் காரை விலை பேசி, லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வெளிர் நீல நிறம். ஸ்டியரிங் நம் ஊர் வழக்கப்படி வலது பக்கம்தான். முன் சீட்டு ஒரு பெஞ்சி அகலம். உள்ளே தோலும் பழைய செண்டும் கலந்த ஒரு வாசனை. இப்போதும் சில பணக்கார வீட்டு அலமாரியைத் திறந்தால் எனக்கு அந்தக் காரின் ஞாபகம் வரும்.

வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஊர் டிரைவர்கள் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்தார்கள். பழக்கத்தில் இடது காலால் கிளட்ச் என்று நினைத்து ஓங்கி மிதித்தால் அது பிரேக். வண்டி முட்டிக்கொண்டு நிற்கும், ஆள் கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டு இறங்குவான்.

“இன்னா மொதலாளி, ஒரு பெடலையே காணோம். வழியில எவனாச்சும் கழட்டிகினு போய்ட்டானா?” என்று ஒருவன் கேட்டான்.

தெருவே சிரித்தது. மாமாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்துவிட்டார். அப்போது நைனா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். தெருவைப் பார்த்து அவர் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“மச்சான், நான் ஒருவாட்டி பாக்கட்டுமா?”

மாமா அவர் காலைப் பார்த்தார். பிறகு சாவியைக் கொடுத்தார். நைனா ஏறி, மடங்காத காலை அந்த அகலமான சீட்டுக்கு முன்னால் குறுக்கே நீட்டிப் போட்டுக்கொண்டார். வலது காலால் மிதித்தார். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கும்போது நைனா என்னைப் பார்த்துச் சொன்னார், “பாத்தியா பாப்பா, உங்க நைனாவுக்குன்னே செஞ்ச வண்டி.”

வைகாசி, ஆனி முழுக்கக் கல்யாணம், பிறகு ஆடிக் கிருத்திகைக்கு ஊர் முழுக்கக் காவடி. மஞ்சள் சேலை, மொட்டைத் தலை, சந்தனம், ‘அரோகரா’ என்ற சத்தம். நைனா ஓயாமல் மலை ஏறி இறங்கினார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னை முன்னால் உட்கார வைத்துக்கொள்வார். அவருடைய இடது பாதம் என் காலருகில் நீட்டிக்கொண்டு இருக்கும். அந்தச் செருப்பின் வாரை நான் கால் கட்டைவிரலால் நிமிண்டிக்கொண்டே வருவேன். அவர் கண்டுகொள்ள மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அந்த மனிதர் வேறு ஆள். பாடக்கூடச் செய்வார். ராட்டினத்துக்கு முன்னால் அவர் பாடி யாரும் கேட்டதில்லை.

பெட்ரோல் விலை திடீரென்று ஏறிய காலம் அது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாமா நைனாவைப் பாவா என்றுதான் கூப்பிடுவார், தெலுங்கில் அக்கா புருஷன். அந்த வைகாசியிலேயே ஒருநாள் வந்து, “பாவா, இறங்கும்போது இன்னாத்துக்கு இன்ஜினு? மேலயே ஆஃப் பண்ணிடு. நியூட்ரல்ல போட்டு உட்டா அதுவா வந்துகினே இருக்கும். ஊர்ல எல்லா டிரைவரும் அப்டித்தான வரான்?” என்றார்.

அது உண்மைதான். மலையிலிருந்து இறங்கும் எந்த வண்டியும் அந்நாளில் சத்தம் போட்டு இறங்காது. நைனாவும் லாரியில் எத்தனையோ இறக்கங்களில் அப்படி வந்தவர்தான். இருந்தாலும் கொஞ்சம் தயங்கினார்.

“இன்ஜின் நின்னா இதுல பிரேக்கு கெட்டியா ஆவுது மச்சான்.”

“அய்ய, மெதுவா வாயேன். யாரு தொரத்துறான்?”

வண்டி மாமாவுடையது. நைனா “ஆங், சரி” என்றுவிட்டார்.

எனக்கு அந்த இறக்கம்தான் உயிர். மேலே சாவியைத் திருப்பியதும் உலகமே வாயை மூடிக்கொள்ளும். டயர் தார்ச்சாலையில் ஒட்டி ஒட்டி விடுபடும் சத்தம் மட்டும் கேட்கும். ஜன்னலில் காற்று. பின்னால் கோயில் மணி, வளைவுக்கு வளைவு அது தூரமாகப் போகும். கீழே நெல் வயல்களும் ஓட்டுக் கூரைகளும் ரயில் பாதையும் மெல்ல மேலே வரும். புதுப் பெண்கள்கூட அப்போது பேச மாட்டார்கள். மலையடியில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி, மண்டபத்துக்கு முன்னால்தான் நைனா திரும்ப இன்ஜினைக் கிளப்புவார். அந்த ஒரு பருவத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் இத்தனை வயதில் திரும்பக் கிடைக்கவில்லை என்றே சொல்வேன்.

ஆவணி முகூர்த்தம் ஒன்றில் அது முடிந்தது. பெண்ணை ஏற்றிக்கொண்டு மேலே போகும்போது நடு வளைவில் இன்ஜின் அலறுகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது. கருகிய நெடி. பிறகு மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. நைனா பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டார், கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. பெண் கூரைச் சேலையோடு இறங்கி வெயிலில் நடந்தே மேலே போனாள். மாப்பிள்ளை வீட்டார் சும்மா விடுவார்களா? அபசகுனம் என்றார்கள். கூட்டத்தில் ஒரு பெரியவர் நைனா இறங்கி நின்ற விதத்தைப் பார்த்துவிட்டு, “ஒத்தக் கால்ல ஓட்டுனா வண்டி இன்னா ஆவும்? ஒரே பக்கமா அமுத்தி அமுத்தி உள்ள தேஞ்சி போயிருக்கும்” என்றார்.

யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஆனால் அது நிலைத்துவிட்டது. சாயங்காலத்துக்குள் மாமாவும் ஊராரிடம் அதையே சொன்னார். ஒரு வாரத்தில் டீக்கடை வரை அதுதான் பேச்சு.

பட்டறை மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். கை முழுக்கக் கறுத்த எண்ணெய், தீய்ந்த வாடை. “இந்தத் தானா மாறுற கியர்பாக்ஸ மெட்ராஸ்லயே எவனும் தொட மாட்டான். பேசாம கழட்டிக் கடாசிட்டு சாதா கியர்பாக்ஸ் மாட்டிக்கலாம். பழைய வேன் கியர்பாக்ஸு ஒண்ணு என்கிட்டயே கீது, சேர்த்து உட்டுடுவேன். ஆனா பிளைவீலு இல்லியே.”

இன்ஜினின் பின்பக்கத்தில் கனமான ஒரு இரும்புச் சக்கரம் இருக்குமாம், அதுதான் ஃப்ளைவீல். கிளட்ச் அதில்தான் வந்து அழுத்திப் பிடிக்கும். எங்கள் வண்டியில் கிளட்ச்சே இல்லாததால் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு மெல்லிசுத் தகடுதான் இருந்தது. தாம்பாள அளவு, ஓரமெல்லாம் பல், நடுவில் வட்டமாக ஓட்டைகள். அந்த ஓட்டைகளுக்குச் சேருகிற சக்கரம் கிடைத்தால் வண்டி ஓடும். கிடைக்காவிட்டால் பழைய இரும்புதான்.

“நான் தேடிகினு வரேன்” என்றார் நைனா.

அன்று வீட்டில் அம்மா சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “அது கெடச்சா கிளட்ச் வரும். உங்களுக்கு அது தெரியுதா இல்லியா?”

“தெரியுது.”

“அப்றம் நீங்க எப்டி ஓட்டுவீங்க?”

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “வண்டி நிக்கக் கூடாது” என்றார்.

“நின்னா நிக்கட்டும். அவன் வண்டிதான? அவனே தேடட்டும்.” அம்மா தன் தம்பியைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பேசிவிட்டு எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டாள். வெகு நேரம் தறிச் சத்தம் வரவில்லை.

நைனாவுக்கு ஒரு கையில் தடி. தகட்டைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பழைய லுங்கியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொள்வேன். எப்படி வைத்தாலும் பல் துணியைத் தாண்டிக் குத்தும். அந்தப் புரட்டாசி முழுக்க என் இடுப்பில் வரிவரியாகச் சிவந்திருந்தது. புத்தூர் போனோம், சித்தூர் போனோம். லாரிக் கொட்டகைகளில் நைனா தெலுங்கில் கேட்பார். அவர்கள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “லேதன்னா”, இல்லையண்ணா என்பார்கள். ஒரு இடத்தில் எனக்கு நீர்மோர் கொடுத்தார்கள். அரக்கோணத்தில் ஒருவர் நைனாவின் காலைப் பார்த்து, “யாருக்குத் தேடிகினு கீற?” என்று கேட்டார். “என் வண்டிக்குத்தான்” என்றார் நைனா. என் வண்டி என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பும்போது வாசலிலேயே அம்மா எங்கள் கையைப் பார்ப்பாள். பிறகு எனக்குச் சுடச்சுட தோசை கிடைக்கும்.

கடைசியில் மெட்ராஸ். பாசஞ்சர் ரயிலில் போய் இறங்கி, புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைத்தெருவில் காலையிலிருந்து அலைந்தோம். துருவும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. வெட்டிப்போட்ட கார்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு சந்துக் கடையில் கடைக்காரர் மூலையிலிருந்து ஒரு சக்கரத்தை இழுத்து எங்கள் முன்னால் தள்ளினார். தகட்டை அதன்மேல் வைத்துப் பார்த்தார். ஒரு ஓட்டை சேர்ந்தால் இன்னொன்று விலகியது.

“சேரல அண்ணாத்த. வேற வண்டி சாமான் போல. வேற எங்கனாச்சும் பாரு” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அவ்வளவுதான், கிளம்பிவிடலாம். தேட வேண்டிய இடமெல்லாம் தேடியாயிற்று. கிடைக்கவில்லை என்று சொன்னால் யாரும் குறை சொல்ல முடியாது. எனக்கு அது நன்றாகவே புரிந்தது. நான் தகட்டை எடுக்கக் குனிந்தேன். “இரு பாப்பா” என்றார் நைனா. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, காலை நீட்டி, அந்த எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்தார். தகட்டை ஒரு ஓட்டை அளவு திருப்பி வைத்தார். சேரவில்லை. இன்னும் ஒன்று திருப்பினார். அதுவும் சேரவில்லை. அப்படியே திருப்பிக்கொண்டே வந்தார். ஓட்டைகளில் ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டது. ஒரே ஒரு விதமாக வைத்தால்தான் உட்காரும். உட்கார்ந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

“சேருது” என்றார். கடைக்காரருக்குத்தான் சந்தோஷம். நைனா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று.

அந்தச் சக்கரம் ரொம்பக் கனம். திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியதும் நான் அதை நிமிர்த்தி நடைமேடையில் உருட்டிக்கொண்டு போனேன். டயர் உருட்டுகிற வயதுதானே, எனக்கு விளையாட்டு. மழை பெய்திருந்தது, மண்ணில் அதன் பல் அழகாகப் பதிந்தது. “மெதுவா பாப்பா, பல்லு போய்டப் போவுது” என்று பின்னாலேயே தடி ஊன்றிக்கொண்டு வந்தார். ஜட்கா வண்டியில் உட்கார்ந்த பிறகு நான் கேட்டேன்.

“இது இல்லேன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்ல நைனா?”

அவர் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் கெடுத்தது பாப்பா. நான்தான சரி பண்ணணும்” என்றார்.

மேஸ்திரி ஐப்பசி மழையோடு மழையாக வேலையை முடித்தார். ஒருநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், நைனாவுக்கு வெற்றிலை கொண்டு போனேன். அவர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். புதுப் பெடல் ஒன்று முளைத்திருந்தது. வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இடது கையில் இருந்த தடியின் முனையால் அந்தப் பெடலை அமுக்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கியர் போட ஸ்டியரிங்கை விட வேண்டும். விட்டார். போட்டார். தடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார். தடி வழுக்கியது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிட்டது. திரும்ப ஆரம்பித்தார். திரும்பவும் நின்றது. நான் வெற்றிலையோடு கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன். மூன்றாவது முறை அவர் முயற்சி செய்யவில்லை. தடியை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமா கெட்டவர் இல்லை. “பாவா, டிரைவர் பக்கத்துல உக்காந்துகினு வா. வளைவுல சொல்லிக் குடு, புதுப் பையன்” என்று கூப்பிட்டார். நைனா, “தார் சுத்தணும் மச்சான், நெறையக் கெடக்குது” என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த வண்டியில் ஏறவே இல்லை. கார்த்திகையில் கல்யாணங்கள் தொடங்கின. புது டிரைவரும் மேலேயே இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் வருவான். எங்கள் வீட்டைத் தாண்டும்போது வண்டி சத்தமே போடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அது வாசலுக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நைனாவின் ராட்டினம் நின்றுவிடும். தாண்டிப் போன பிறகு மறுபடி சுற்றும். திரும்பி மட்டும் பார்க்க மாட்டார்.

அந்தத் தகட்டை அம்மா அடுப்படியில் சோற்றுப் பானை இறக்கி வைக்க எடுத்துக்கொண்டாள். பல் தேய்ந்து, கரி ஏறி, வெகு காலம் அங்கே கிடந்தது. பிறகு யார் யாரோ வீடு மாறினார்கள், எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நைனா போய்ச் சேர்ந்தபோது மாமா வாசலில் உட்கார்ந்து அழுதார். “வண்டிய கெடுத்துட்டோமேன்னு கடைசி வரிக்கும் மனசுல வச்சிகினே இருந்தாரு. நான் ஒண்ணும் சொன்னதில்ல” என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். அதுவும் நிஜம்தான், அவர் நேரில் ஒன்றும் சொன்னதில்லை.

போன மாதம் மகன் தன் புதுக் காரில் என்னைத் திருத்தணிக்குக் கூட்டிப் போனான். சாமி பார்த்துவிட்டு இறங்கும்போது எனக்கு ஒரு ஆசை வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“டேய், இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல உடுடா. சத்தம் இல்லாம இறங்கணும்னு ஆசையா கீது.”

“ஐயோ, அதெல்லாம் கூடாதும்மா” என்றான். “இந்த மாதிரி வண்டிக்கு இன்ஜின் ஓடினாத்தான் கியர்பாக்ஸ் உள்ள எண்ணெய் சுத்தும். நிறுத்திட்டு உருட்டினா உள்ள காஞ்சி எரிஞ்சி போய்டும். அப்டியே பண்ணிக்கினு இருந்தா கொஞ்ச நாள்ல மேடே ஏறாது.”

“பழைய காலத்து வண்டின்னா?”

“அதுவும் அப்டித்தாம்மா. ஏன் கேக்கற?”

அந்த நடு வளைவு வந்தது, போயிற்று. அத்தனை இறக்கம். அத்தனை சத்தமில்லாத இறக்கம். கோயில் மணியைக் கேட்டுக்கொண்டு, செருப்பு வாரை நிமிண்டிக்கொண்டு நான் இறங்கிய ஒவ்வொரு முறையும் அந்த வண்டி உள்ளே எரிந்துகொண்டிருந்திருக்கிறது. நைனாவின் கால் ஒன்றும் செய்யவில்லை. அவர் எதையும் கெடுக்கவில்லை. கெடுத்தோம் என்று நினைத்துத்தான் அந்த எண்ணெய்த் தரையில் உட்கார்ந்து தகட்டைத் திருப்பித் திருப்பி வைத்தார். யாரோடு சண்டை போடுவது? மாமா இல்லை. அம்மா இல்லை. சொல்லி ஆற்றுவதற்கு நைனாவும் இல்லை.

மலையடியில் எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு லாட்ஜ். அதற்கு எதிரில் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். மகன் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

“இன்னாம்மா ஆச்சு? கொஞ்ச நேரம் ஆவுமா? ஆஃப் பண்ணிடட்டுமா?”

“வேணாம்டா” என்றேன். “ஓடட்டும்.”